வடம் போடுவது யார்? வாசலைக் காப்பது யார்?

ஓர் ஊருக்குச் சாலை வருகிறது. அதற்குச் செலவு செய்தது யார் என்று கேட்டால் உடனே விடை சொல்லிவிடுவோம்: மக்கள் கட்டிய வரிப்பணம். குழாயில் தண்ணீர் வருகிறது, தெருவில் விளக்கு எரிகிறது. இவற்றின் கணக்கும் நமக்கு ஓரளவு தெரியும். ஆனால் கைப்பேசியைத் திறந்து ஒரு பாடக் காணொளியைப் பார்க்கிறோமே, அந்தப் படம் நம் கைக்கு வந்து சேர ஆன செலவை யார் கொடுத்தார்கள்? நாம் கட்டும் மாதக் கட்டணம் அதில் ஒரு பகுதிதான். செயலிக்கு நாம் காசு கொடுக்கவில்லை. காணொளிக்கும் கொடுக்கவில்லை. அப்படியானால் மீதியைக் கட்டியது யார்?

இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து சென்றால் நம் காலத்தின் இரண்டு பெரிய பொதுப் பிரச்சினைகளிடம் வந்து சேருவோம். எல்லா ஊர்களுக்கும் எல்லாப் பள்ளிகளுக்கும் இணையத்தைக் கொண்டு சேர்ப்பது எப்படி என்பது ஒன்று. இணையத்தைப் பயன்படுத்தும் இளைஞர்களின் சொந்த விவரங்களைக் காப்பது எப்படி என்பது மற்றொன்று. அரசு அலுவலகங்களில் இவை இரண்டும் தனித்தனிக் கோப்புகள். ஆயினும் இவை ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்பதே உண்மை. எவ்வாறு என்பதைக் காண்போம்.

கண்ணாடிக்குள் ஓடும் ஒளி

இணையம் காற்றில் வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். கைப்பேசியிலிருந்து அருகிலுள்ள கோபுரம் வரையில்தான் அது வானொலி அலையாகச் செல்கிறது. அதற்கு அப்பால் நீண்ட தொலைவுகளைப் பெரும்பாலும் கண்ணாடி இழை வழியாகவே கடக்கிறது.

ஒளியிழையின் நடுவே ஒளி செல்லும் பகுதிக்கு உள்ளகம் என்று பெயர். தொலைத்தொடர்பில் பயன்படும் இழையில் இதன் விட்டம் ஏறத்தாழ 9 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. உள்ளகத்தைச் சுற்றி, அதைவிட ஒளிவிலகல் எண் சற்றுக் குறைந்த கண்ணாடி உறை ஒன்று இருக்கும். மாறுநிலைக் கோணத்தைவிட அதிகமான கோணத்தில் வந்து மோதும் ஒளி வெளியேற முடியாமல் உள்ளேயே திரும்பிவிடும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்த முழு அக எதிரொளிப்புதான் இங்கும் வேலை செய்கிறது. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்ல அதற்கு 4 மில்லி நொடிகூட ஆகாது.

ஒளி கண்ணாடிக்குள் செல்லச் செல்ல மங்கும். இந்த இழப்பை டெசிபெல் என்ற அளவால் குறிப்பர். 20 டெசிபெல் இழப்பு என்றால் புறப்பட்ட ஒளியில் நூறில் ஒரு பங்கே மிஞ்சும். ஒரு கிலோமீட்டருக்கு இழப்பு 20 டெசிபெலுக்கு மேல் போகாத தூய கண்ணாடி கிடைத்தால் ஒளியிழைத் தொடர்பு சாத்தியமே என்று 1966இல் சார்லஸ் காவ் என்ற பொறியியல் அறிஞர் எடுத்துக்காட்டினார். 1970இல் அத்தகைய இழை உருவாயிற்று. காவுக்கு 2009இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய நல்ல இழையில் இழப்பு கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் மட்டுமே. அன்று ஒரு கிலோமீட்டரில் இழக்கலாம் என்று கணக்கிட்ட ஒளியை இன்று நூறு கிலோமீட்டரில்தான் இழக்கிறோம்.

அறிவியல் தன் வேலையை முடித்துவிட்டது எனலாம். அப்படியிருந்தும் எல்லாப் பள்ளிகளுக்கும் வடம் வந்து சேரவில்லையே, ஏன்?

மண்வெட்டியின் விலை

கண்ணாடி இழை மலிவானது. அதைப் புதைப்பதற்குத்தான் செலவு அதிகம். நம் நாட்டின் கிராமத் திட்டத்தில் வடத்தை 1.65 மீட்டர் ஆழத்தில் புதைப்பது வழக்கமான விதி. பாறை நிலமாக இருந்தாலும் அந்தப் பள்ளம் வேண்டும். சாலையைக் குறுக்கே வெட்ட ஒரு துறையின் அனுமதி, காட்டுக்குள் செல்ல இன்னொரு துறையின் அனுமதி வேண்டும். போட்ட பிறகு குடிநீர்க் குழாய்க்காக யாரோ தோண்டும்போது வடம் அறுந்துபோவதும் உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோமீட்டர் வடம் போட 5 இலட்சம் ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். நகரத்துத் தெரு ஒன்றில் ஒரு கிலோமீட்டருக்குள் 500 வீடுகள் உள்ளன. அங்கு ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு 1,000 ரூபாய். மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றோ 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதில் உள்ள வீடுகள் 50. அங்கு ஒரு வீட்டுக்கு 50,000 ரூபாய் ஆகிறது. இரண்டு ஊர்களிலும் மாதக் கட்டணம் ஒன்றுதான் என்றால் இலாபத்தை நாடும் நிறுவனம் எந்த ஊருக்கு முதலில் போகும்?

இதனால்தான் பொது முதலீடு தேவைப்படுகிறது. நம் நாட்டில் இதற்கென்று ஒரு நிதி 2002ஆம் ஆண்டிலிருந்து இருந்து வருகிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் வருவாயில் 5 விழுக்காட்டை இதற்குச் செலுத்த வேண்டும். 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இது இப்போது ‘டிஜிட்டல் பாரத் நிதி’ எனப்படுகிறது. நகரத்தில் ஈட்டிய பணத்தில் ஒரு பங்கு சிற்றூருக்குப் போக வேண்டும் என்பதே இதன் கருத்து.

2011 அக்டோபரில், ஏறத்தாழ 2.5 இலட்சம் ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது. 20,000 கோடி ரூபாய் செலவில் இரண்டு ஆண்டுகளில் முடிப்பதாகத் திட்டம். பின்னர் இது ‘பாரத்நெட்’ என்று பெயர் பெற்றது. பள்ளம் தோண்டுவதிலும் அனுமதி பெறுவதிலும் ஆண்டுகள் கழிந்தன. 2023 ஆகஸ்டில் திருத்திய திட்டத்துக்கு ஒதுக்கிய தொகை 1,39,579 கோடி ரூபாய். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்துக்குள் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இணைப்புக்குத் தயாராகிவிட்டன. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு ‘டான்ஃபிநெட்’ என்ற அரசு நிறுவனத்துக்குத் தரப்பட்டது.

ஊராட்சி அலுவலகம் வரை வடம் வருவது வேறு, பள்ளி வகுப்பறைக்குள் இணைப்பு எரிவது வேறு. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கணக்குப்படி, இணைய வசதி உள்ள பள்ளிகள் 2023-24இல் 53.9 விழுக்காடு, 2024-25இல் 63.5 விழுக்காடு. வளர்ச்சி நல்லதுதான். ஆயினும் மூன்று பள்ளிகளில் ஒன்றுக்கு மேல் இன்னும் வெளியே நிற்கிறது.

‘இலவசம்’ என்ற குறுக்கு வழி

பொதுப் பணம் மெதுவாக வரும் இடத்துக்கு வேறொரு பணம் வேகமாக வரும். 2015இல் ஃபேஸ்புக் நிறுவனம் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்துடன் சேர்ந்து இந்தியாவில் ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பின்னர் இதற்கு ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ என்று பெயரிட்டது. குறிப்பிட்ட சில இணையத் தளங்களைக் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். மற்றவற்றுக்குக் காசு. அந்தப் போக்குவரத்து ஃபேஸ்புக்கின் இடைக் கணினிகள் வழியாகச் செல்லும்படி அமைந்திருந்தது. ஏழைக்கு ஏதோ கொஞ்சமாவது கிடைக்கிறதே என்றனர் சிலர். எதைப் பார்க்கலாம் என்பதை ஒரு நிறுவனமா தீர்மானிப்பது என்றனர் வேறு சிலர். தளத்துக்குத் தளம் கட்டணத்தை மாற்றக் கூடாது என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 பிப்ரவரி 8ஆம் நாள் விதி வகுத்தது. இந்தியாவில் அந்த ஏற்பாடு நின்றது.

அந்த ஏற்பாடு நின்றாலும் அதன் பின்னே இருந்த வாணிப முறை நிற்கவில்லை. இன்று நாம் பயன்படுத்தும் பெரும்பாலான இலவசச் செயலிகளுக்குப் பணம் தருபவர்கள் விளம்பரதாரர்கள். யார் எதை விரும்புகிறார், எப்போது விழித்திருக்கிறார், எந்தப் படத்தில் எத்தனை நொடி நின்றார் என்ற விவரங்கள் எவ்வளவு துல்லியமாக இருக்கின்றனவோ, அவ்வளவுக்கு விளம்பர இடத்தின் விலை உயரும். காசாகக் கட்டாத கட்டணத்தை நாம் விவரமாகக் கட்டுகிறோம்.

பெயர் இல்லாமலே ஆளை அறியலாம்

‘என் பெயரைச் சொல்லாதவரை யாருக்கு என்னைத் தெரியும்?’ என்று கேட்கத் தோன்றும். இதற்கும் கணிதத்தில் விடை உண்டு.

ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்பில் 70 மாணவர்களும் 70 மாணவிகளும் படிக்கிறார்கள். எல்லாரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள் என்று கொள்வோம். ஒரு பட்டியலில் பெயரை அழித்துவிட்டுப் பிறந்த தேதியையும் பாலினத்தையும் மட்டும் வைத்திருக்கிறார்கள். உங்கள் பிறந்த தேதியில் வேறொரு மாணவர் பிறக்காமலிருக்கும் வாய்ப்பு 364/365. மற்ற 69 பேரில் ஒருவருமே அன்று பிறக்காமலிருக்கும் வாய்ப்பைக் காண, இந்த எண்ணை 69 முறை தன்னால் பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.83. அதாவது நூறு பேரில் எண்பத்து மூன்று பேரைப் பெயரே இல்லாமல் தனியாகச் சுட்டிக்காட்டிவிடலாம்!

இதையே பெரிய அளவில் செய்து காட்டியவர் லட்டான்யா ஸ்வீனி என்ற அமெரிக்கக் கணினி அறிஞர். அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரை அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றைக் கொண்டே தனித்து அறியக்கூடும் என்று 2000ஆம் ஆண்டில் அவர் கணக்கிட்டார்.

இன்னொரு வழியும் உண்டு. அஞ்சலட்டையை வழியில் யாரும் படிக்கலாம். உறையிட்ட கடிதத்தைப் படிக்க முடியாது, ஆனால் உறையின் மேல் உள்ள முகவரியைப் படிக்கலாம். இன்று பெரும்பாலான தளங்கள் செய்தியைச் சங்கேதமாக்கி உறையிட்டே அனுப்புகின்றன. ஆயினும் எந்தத் தளத்துக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பது பல வேளைகளில் இடையில் உள்ளவர்களுக்குத் தெரியும். நள்ளிரவில் ஒரு மாணவி மனநல உதவித் தளம் ஒன்றை மூன்று நாள் தொடர்ந்து திறந்தாள் என்பதைச் சொல்ல உறையைப் பிரிக்க வேண்டியதில்லை.

இது வீண் அச்சமன்று. கொரோனா காலத்தில் உலகெங்கும் வகுப்புகள் திரைக்கு மாறின. அப்போது 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த 160க்கும் மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற அமைப்பு ஆராய்ந்தது. அவற்றில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது, குழந்தைகளின் உரிமையைப் பாதித்த அல்லது பாதிக்கக்கூடிய முறையில் விவரங்களைக் கையாண்டதாக 2022 மே மாதம் அது அறிவித்தது. நம் நாட்டு அரசின் ‘தீக்ஷா’ செயலியும் அந்த ஆய்வில் இடம்பெற்றது. அச்செயலியின் சேமிப்பிடம் ஒன்று பூட்டில்லாமல் இணையத்தில் திறந்து கிடந்ததாகவும், இலட்சக்கணக்கான ஆசிரியர்கள், மாணவர்களின் விவரங்கள் அதில் இருந்ததாகவும் 2023 ஜனவரியில் செய்தி வெளியாயிற்று. விளம்பரமே இல்லாத பொதுச் செயலியிலும் கதவைப் பூட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கும் சம்பளம் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடர்ந்த வழக்கில், தனியுரிமை அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். நாள் 2017 ஆகஸ்ட் 24. அதன் தொடர்ச்சியாக 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது.

18 வயது நிரம்பாதவர் அனைவரும் இச்சட்டத்துக்குக் குழந்தைகளே. அவர்களுடைய விவரங்களைக் கையாளும் முன், சரிபார்க்கக்கூடிய முறையில் பெற்றோரின் சம்மதத்தைப் பெற வேண்டும். குழந்தைகளின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது. அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை தண்டம். கல்விப் பணிக்காகவும் குழந்தைகளின் பாதுகாப்புக்காகவும் பள்ளிகளுக்குச் சில விலக்குகள் உண்டு. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வரும் என்று வகுத்துள்ளனர்.

பிற நாடுகள் வேறு வயதுக் கோடுகளை வரைந்திருக்கின்றன. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் 13 வயதுக்கு உட்பட்டோரைக் காக்கிறது. அதை மீறியதாக எழுந்த வழக்கில் கூகுளும் அதன் யூடியூபும் 2019இல் 17 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. ஐரோப்பிய ஒன்றியம் 16 வயது என்று வைத்து, உறுப்பு நாடுகள் அதை 13 வரை குறைத்துக்கொள்ள இடம் தருகிறது. 16 வயதுக்கு உட்பட்டோர் முக்கியச் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது என்ற ஆஸ்திரேலியச் சட்டம் 2025 டிசம்பர் 10ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

வயது என்னும் புதிர்

இங்கே ஒரு சிக்கல் முளைக்கிறது. குழந்தையைக் காக்க வேண்டுமானால் யார் குழந்தை என்று முதலில் தெரிய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள எல்லாரிடமும் வயதுச் சான்று கேட்க வேண்டும். ஆக, விவரங்களைக் குறைவாகச் சேர்க்கச் சொல்லும் சட்டமே, மேலும் ஒரு விவரத்தைச் சேர்க்கச் சொல்லுகிறது. சேர்த்துவைத்த சான்றுகள் திருட்டுப் போனால் என்ன ஆகும்? வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

இதற்குப் பொறியியல் ஒரு வழி சொல்கிறது. ‘இவர் 18 வயது நிரம்பியவர்’ என்று மட்டும் எழுதித் தலைமையாசிரியர் ஒரு சீட்டில் முத்திரை வைத்துத் தருகிறார் என்று எண்ணிப் பாருங்கள். அதில் பெயர் இல்லை, பிறந்த தேதி இல்லை. முத்திரை உண்மையானதா என்பதை மட்டும் வாயிற்காவலர் பார்க்கிறார். இதையே கணினியில் சங்கேத எண்களைக் கொண்டு செய்யலாம். ‘டோக்கன்’ எனப்படும் இத்தகைய அடையாளச் சீட்டுகளை நம் நாட்டு விதிகளும் ஏற்கின்றன. டிஜிலாக்கர் போன்ற சேவை வழியாக இச்சீட்டைப் பெறலாம். இவ்வகைச் சீட்டின் சிறப்பு, கேட்ட கேள்விக்கு மட்டும் விடை தருவதில் இருக்கிறது. ஆனால் சீட்டு வழங்கும் இடம், யார் எந்த வாசலுக்குப் போனார் என்று குறித்துவைக்காமல் இருக்கவும் வேண்டும்.

பொறியியல் தீர்க்க முடியாத பகுதியும் உண்டு. 8 வயதுச் சிறுமிக்கும் 17 வயது மாணவிக்கும் ஒரே விதி பொருந்துமா? வீட்டில் உள்ள ஒரே கைப்பேசியை ஐந்து பேர் பயன்படுத்தினால் யாருடைய வயதைச் சரிபார்ப்பது? எழுதப் படிக்கத் தெரியாத தாய், கைப்பேசியில் பொத்தானை அழுத்துவது எப்படி என்று மகனிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். அந்தத் தாயின் சம்மதத்தைக் கேட்கும் திரையில் விரலை வைப்பது உண்மையில் யார்? தந்தையிடம் சொல்ல முடியாத துன்பத்துக்கு உதவி தேடும் பெண், தந்தையின் சம்மதத்தை எப்படிக் கேட்பாள்? இவற்றை விவாதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த விவாதத்தில் வயதில் சிறியவர்களின் குரலும் கேட்க வேண்டும் அன்றோ?

ஒரே கணக்கு

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். மீதிச் செலவைக் கட்டுவது யார்? பொதுப் பணம் வடத்தையும் செயலியையும் தாங்கினால், மாணவர் தம் விவரத்தை விற்காமலே படிக்கலாம். பொதுப் பணம் வடத்தோடு நின்றுவிட்டால், பள்ளி இலவசச் செயலியைத் தேடிப் போகும். அப்போது அரசு போட்ட வடத்தின் வழியாகவே மாணவரின் விவரங்கள் வெளியேறும். பொதுப் பணம் வடத்துக்கும் வராவிட்டால், யார் முதலில் இலவசம் என்கிறாரோ அவர் பின்னால் ஊரே செல்லும்.

மதகும் கண்காணிப்பும் இல்லாமல் ஏரி வெட்டுவதில்லை. வெட்டிய பிறகு கரையைக் காக்கவும் மடையைத் திறந்து மூடவும் ஆளை நியமித்ததை நம் ஊர்க் கல்வெட்டுகள் சொல்லும். இணையக் கட்டமைப்புக்கும் அதே முறைதான் பொருந்தும். பள்ளத்துக்கும் வடத்துக்கும் ஒதுக்கும் தொகையோடு, சேமிப்பிடத்தைப் பூட்டுவதற்கும் செயலிகளைச் சோதிப்பதற்கும் தவறு நேர்ந்தால் விசாரிப்பதற்கும் ஆகும் தொகையையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். வடம் எத்தனை கிலோமீட்டர் என்று அளந்து சொல்வது எளிது. எத்தனை மாணவரின் விவரம் வெளியே போகாமல் நின்றது என்று அளப்பது கடினம். எளிதில் அளக்க முடிவதற்கு மட்டும் பணம் ஒதுக்கினால் அளக்க முடியாதது கவனிப்பாரற்றுப் போகும்.

சிந்திக்க

1. உங்கள் வகுப்பின் மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு மேலே கண்ட வாய்ப்புக் கணக்கைச் செய்து பாருங்கள். பிறந்த தேதிக்குப் பதிலாகப் பிறந்த மாதம் மட்டும் பட்டியலில் இருந்தால் விடை எவ்வாறு மாறும்? விவரத்தைக் குறைத்தால் பாதுகாப்பு ஏன் கூடுகிறது?

2. நீங்கள் படிப்புக்குப் பயன்படுத்தும் ஒரு செயலி என்னென்ன அனுமதிகளைக் கேட்கிறது என்று அதன் அமைப்புப் பகுதியில் பாருங்கள். பாடம் நடத்த அவற்றுள் எவை தேவை, எவை தேவையில்லை எனப் பட்டியலிடுங்கள்.

3. உங்கள் ஊராட்சிக்கு ஒளியிழை வந்துவிட்டதா? வந்திருந்தால் பள்ளி வரை வந்திருக்கிறதா? அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இதைக் கேட்கலாம். கிராமசபை பொதுமக்களின் அவை. நீங்கள் எழுதித் தரும் கேள்வியை உங்கள் பெற்றோர் அங்கே எழுப்பலாம்.